நாக்கை ஏமாற்றலாம், குடலை ஏமாற்ற முடியுமா?

நீங்கள் கேட்டது இரண்டு மூன்று வரிதான்: “போதும் என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? வயிறு நிறைவதாலா, இல்லை குடலுக்கும் நாக்கு மாதிரி சுவை தெரியுமா? தெரியும் என்றால் செயற்கை இனிப்பைக் கொடுத்து அதை ஏமாற்றிவிடலாமா? 20 நிமிடம் கழித்துத்தான் மூளைக்குத் தகவல் போகும் என்கிறார்களே, அது உண்மையா?” கேள்வி சின்னது, ஆனால் உள்ளே மூன்று விஷயம் இருக்கிறது. வந்திருப்பது என்ன என்று குடல் எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்ததை எந்த வழியாகச் சொல்கிறது, அதைக் கேட்டு மூளை என்ன செய்கிறது. நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறவன். பல வருடங்களாக ஜீரண மண்டலம்தான் என் பகுதி. முதல் இரண்டுக்கும் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் இரைப்பை. “வயிறு நிறைந்தது” என்று நாம் சொல்லும் உணர்வின் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது. இரைப்பையின் தசை அடுக்குகளுக்கு இடையே நரம்பு நுனிகள் பரவிக் கிடக்கின்றன. சுவர் விரிந்தால் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். ஆனால் விரிந்தது தண்ணீராலா, கொழுப்பாலா என்று அவற்றுக்குத் தெரியாது. 1990களில் எலிகளிடம் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாயிலை ஒரு சிறு வளையத்தால் மூடிவிட்டு, இரைப்பைக்குள் உப்புநீரையும் சத்துள்ள கரைசல்களையும் மாற்றி மாற்றிச் செலுத்திப் பார்த்தார்கள். எதைச் செலுத்தினாலும், அளவு ஒன்றாக இருந்தால் எலி சாப்பாட்டைக் குறைத்த விதமும் ஒன்றாகவே இருந்தது. வாயிலைத் திறந்துவிட்டதும் கதை மாறியது. சிறுகுடலுக்குள் சத்து இறங்கியபோது, அதே அளவு உப்புநீரைவிட அது சாப்பாட்டை அதிகமாகக் குறைத்தது. ஆக, அளவு பார்ப்பது இரைப்பை, சரக்கு பார்ப்பது சிறுகுடல். தண்ணீர் குடித்துப் பசியை அடக்கினால் சீக்கிரமே பசி திரும்பிவிடுவதும் இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு. விழுங்கியது எதுவும் வயிற்றில் தங்காமல் வெளியே வடிந்துவிடும்படி இரைப்பையில் ஒரு திறப்பு வைத்த எலிகள், வழக்கமான அளவைத் தாண்டிச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். வாய் மென்றது, நாக்கு ருசித்தது, தொண்டை விழுங்கியது. இத்தனை நடந்தும் “போதும்” வரவில்லை. ரஷ்ய உடலியங்கியலாளர் பாவ்லோவ் இதற்கு வெகு முன்பே நாய்களிடம் இதைப் போன்ற ஏற்பாட்டைச் செய்திருந்தார். ஜீரண ஆய்வுகளுக்காகத்தான் அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. மணி அடித்தால் எச்சில் ஊறும் நாய் என்றே பலருக்கும் அவரைத் தெரியும் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

சிறுகுடல் சரக்கு பார்க்கிறது என்றால், அதன் முதல் வேலை இரைப்பைக்கு உத்தரவு போடுவது. வெறும் தண்ணீர் இரைப்பையிலிருந்து மளமளவென்று இறங்கிவிடும். அதே அளவு சர்க்கரைக் கரைசல் அப்படி இறங்காது. சர்க்கரை எவ்வளவு அடர்த்தியோ அந்த அளவுக்கு மெதுவாக இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், நிமிடத்துக்குச் சுமார் 2 முதல் 3 கிலோ கலோரி என்ற வேகத்தில் சத்து சிறுகுடலுக்குப் போவது தெரியும். கரைசல் நீர்த்ததாக இருந்தாலும் கெட்டியாக இருந்தாலும் கலோரி வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தக் கணக்கை வகுப்பில் காட்டியதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால், உள்ளே வருவதை யாரோ அளந்துகொண்டிருந்தால் மட்டுமே இது சாத்தியம். அளக்கும் இடம் முன்சிறுகுடல்.

யார் அளக்கிறார்கள் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் கனமுள்ள விரிப்பு. அதில் பெரும்பாலானவை சத்தை உறிஞ்சும் செல்கள். அவற்றுக்கு நடுவே, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், வேறு ஒரு வகை செல் தனித்தனியாகச் செருகப்பட்டிருக்கும். கழுத்து குறுகி அடி பருத்த குப்பி வடிவம். குறுகிய நுனி உணவு ஓடும் பக்கம் எட்டிப் பார்க்கும், அதில் நுண்ணிய இழைகள் இருக்கும். பருத்த அடிப்பகுதியில் ஹார்மோன் அடைத்த நுண்பைகள் நெருக்கமாகக் கிடக்கும். அடிப்பக்கம்தான் இரத்த நுண்குழாய்களும் நரம்பு நுனிகளும் ஓடுகின்றன. இவற்றைக் குடல் நாளமில்லா செல்கள் என்கிறோம். சதவீதத்தில் அற்பமாகத் தெரிந்தாலும், குடலின் நீளத்துக்கும் மடிப்புகளுக்கும் எல்லாவற்றையும் சேர்த்தால் உடலின் மிகப்பெரிய ஹார்மோன் உறுப்பு இதுதான். தைராய்டு மாதிரி ஒரே இடத்தில் திரண்டு இல்லாததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

‘ஹார்மோன்’ என்ற கருத்தே குடலிலிருந்துதான் பிறந்தது. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லை, எனவே கணையத்துக்குச் செய்தி போக வழியில்லை என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஆனாலும் கணையம் சாறு சுரந்தது. பிறகு குடலின் உட்படலத்தைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி இரத்தத்தில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். இரத்தத்தின் வழியாகவே குடல் பேச முடியும் என்பது அன்றோடு நிரூபணமாகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சர்க்கரை வந்ததை இந்தச் செல் எப்படி அறிகிறது? நாக்கில் இனிப்பு ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. சர்க்கரை போய் அதில் உட்கார்ந்தால் ‘இனிப்பு’ என்று செய்தி போகும். குடலிலும் அதே ஏற்பி இருக்கிறது என்று 2000களில் கண்டுபிடித்தபோது, சரி, குடலும் நாக்கு போலத்தான் ருசிக்கிறது என்று பலரும் முடிவுக்கு வந்தார்கள். ‘குடலுக்கும் நாக்கு உண்டு’ என்ற தலைப்புகள் அப்போது வந்தவை. கதை நன்றாக இருந்தது. ஆனால் அடுத்து வந்த சோதனைகள் வேறு இடத்தைக் காட்டின.

குளுக்கோஸைச் செல்லுக்குள் எடுத்துப்போக எஸ்.ஜி.எல்.டி-1 என்றொரு கடத்திப் புரதம் இருக்கிறது. அது குளுக்கோஸைத் தனியாகக் கூட்டிப்போவதில்லை. ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கு உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கரைத்துக் கொடுப்பது இந்தக் கடத்தியை நம்பித்தான். சோடியத்துக்கு நேர்மின்னேற்றம் உண்டு. அது உள்ளே வரவர, செல்லுக்குள் இருந்த எதிர்மின்னழுத்தம் குறையும். ஒரு கட்டத்தில் கால்சியம் வாயில்கள் திறக்கும், கால்சியம் பாயும், அடிப்பக்கம் காத்திருந்த நுண்பைகள் செல் சவ்வோடு ஒட்டித் திறந்து ஹார்மோனைக் கொட்டும். திறக்கும்போதே மணியடிக்கும் கதவு மாதிரி, உறிஞ்சும் செயலே அறிவிப்பாகவும் ஆகிவிடுகிறது. தனியாக ருசி பார்க்கும் வேலை இங்கே இல்லை.

இதை எப்படி உறுதி செய்தார்கள்? இந்தக் கடத்தி உள்ளே இழுக்கும், ஆனால் செல்லால் எரிக்க முடியாத ஒரு போலிச் சர்க்கரை இருக்கிறது. அதைக் கொடுத்தாலும் ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோன் வெளியே வருகிறது. கடத்தி இல்லாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்கு உண்மையான குளுக்கோஸைக் கொடுத்தாலும் அந்தச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், மனிதர்களின் இரைப்பைக்குள் குழாய் வழியாக சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைச் செலுத்திப் பார்த்தபோது, நாக்கில் பட்டிருந்தால் கடுமையாகத் தித்தித்திருக்கும் அளவில் கொடுத்தும், இரத்தத்தில் ஜி.எல்.பி-1 ஏறவில்லை. அதனால் இந்த ஹார்மோனைப் பொறுத்தவரை உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் தெளிவு. அந்தக் கதவு செயற்கை இனிப்புக்குத் திறப்பதில்லை.

கொழுப்பின் கதை இன்னும் அழகானது. எண்ணெய்த் துளியாக இருக்கும்வரை கொழுப்பைக் குடல் கண்டுகொள்வதில்லை. கணையத்தின் லிப்பேஸ் நொதி அதைக் கொழுப்பு அமிலங்களாக உடைத்த பிறகே செய்தி கிளம்பும். லிப்பேஸைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் என்ற மருந்தைக் கொடுத்துக் கொழுப்புணவு கொடுத்தால், சி.சி.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனின் சுரப்பு குறைகிறது, இரைப்பையும் வேகமாகக் காலியாகிறது. உடைந்த பிறகும் எல்லாக் கொழுப்பு அமிலமும் ஒன்றல்ல. மனிதர்களில், அதன் கார்பன் சங்கிலி 12 அணு நீளமோ அதற்கு மேலோ இருந்தால் சி.சி.கே. எழும்புகிறது. 11 என்றால் எழும்புவதில்லை. ஒரே ஒரு கார்பன் வித்தியாசத்தைக் குடல் பிரித்துப் பார்க்கிறது! இன்னொன்று: கொழுப்பு அமிலத்தை உணரும் முக்கியமான ஏற்பி ஒன்று செல்லின் உணவுப் பக்கத்தைவிட இரத்தப் பக்கத்திலிருந்து வரும் கொழுப்பு அமிலத்துக்கே நன்றாகப் பதில் சொல்கிறது என்று எலிக் குடலில் காட்டியிருக்கிறார்கள். அதாவது உறிஞ்சி முடித்து மறுபக்கம் வந்த பிறகு கணக்கெடுப்பது. சர்க்கரையில் பார்த்த அதே போக்கு இங்கேயும் தெரிகிறது. குழாயில் என்ன மிதக்கிறது என்பதைவிட, உடம்புக்குள் என்ன நுழைந்தது என்பதில்தான் குடலுக்கு அக்கறை.

புரதத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அமினோ அமிலங்களையும் சிறு பெப்டைடு துண்டுகளையும் உணர ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பிகள் இருக்கின்றன. கால்சியத்தை உணரும் ஏற்பி என்று பெயர் பெற்ற ஒரு புரதமே சில அமினோ அமிலங்களுக்கும் பதில் சொல்கிறது. எதன் பங்கு எவ்வளவு என்பது சர்க்கரை அளவுக்குத் துல்லியமாகத் தீரவில்லை.

இனி, செய்தி போகும் வழி. ஒன்று இரத்தம், இன்னொன்று நரம்பு. இரத்த வழிக்கு நல்ல சாட்சி 1964இல் வந்தது. குளுக்கோஸை நேராக இரத்தத்தில் ஏற்றுவதைவிட, அதே குளுக்கோஸை வாய் வழியாகக் கொடுத்தால் இன்சுலின் மிக அதிகமாகச் சுரந்தது. இரத்தச் சர்க்கரை அளவை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது. நடுவில் குடல் கணையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவர் சாப்பிட்ட பிறகு சுரக்கும் இன்சுலினில் பாதியோ அதற்கு மேலோ இந்தக் குடல் ஹார்மோன்களின் தூண்டுதலால் வருவது. ஜி.எல்.பி-1, ஜி.ஐ.பி. என்ற இரண்டும்தான் அந்த வேலையைச் செய்பவை.

ஆனால் இயற்கையான ஜி.எல்.பி-1 இரத்தத்தில் சுமார் 2 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நொதி அதை உடனே வெட்டிவிடுகிறது. குடலை விட்டு வெளியேறும் முன்பே பெரும்பகுதி வெட்டுப்பட்டுவிடும். அப்படியானால் அது மூளை வரை போய்ப் பேசுகிறதா, இல்லை குடலுக்குப் பக்கத்திலேயே நரம்பு நுனியிடம் சொல்லிவிட்டு மறைகிறதா? இயல்பான ஒரு வேளைச் சாப்பாட்டில் பின்னதுதான் முக்கியம் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் இதை முடிந்த விஷயமாகச் சொல்லமாட்டேன், எதிர்க்கருத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. சி.சி.கே. விஷயத்தில் சந்தேகம் குறைவு. வயிற்றுப் பகுதியில் வேகஸ் நரம்பை வெட்டினால் சி.சி.கே. ஊசியின் பசியடக்கும் விளைவு எலிகளில் மறைந்தோ வெகுவாகக் குறைந்தோ போகிறது.

அந்த வேகஸ் நரம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். முகுளத்திலிருந்து இறங்கி, கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை வரும் நீண்ட நரம்பு. மூளை குடலுக்குக் கட்டளையிடும் கம்பி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் மேல்நோக்கிச் செய்தி கொண்டு போகிறவை. குடல் பேசுவதுதான் அதிகம், கேட்பது குறைவு. இந்த இழைகளும் ஒரே வகை இல்லை. எலிகளில் 2016இல் வந்த ஓர் ஆய்வு, இரைப்பை விரிவதைச் சொல்லும் இழைகள் தனி, குடலில் சத்து இறங்கியதைச் சொல்லும் இழைகள் தனி என்று மரபணு அடையாளத்தை வைத்தே பிரித்துக் காட்டியது. முன்பு சொன்ன அளவும் சரக்கும் இரண்டு தனிக் கம்பிகளில் போகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

2018இல் இன்னொரு படி. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டியேகோ போர்கெஸ் குழுவினர், குடல் செல்களில் சில ஹார்மோனைக் கொட்டிவிட்டுக் காத்திருப்பதோடு நிற்பதில்லை, வேகஸ் நரம்போடு நேரடியாகவே இணைந்திருக்கின்றன என்று காட்டினார்கள். நரம்பு செல்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் குளூட்டமேட்டையே அவை விடுகின்றன. செய்தி மில்லி விநாடிகளில் நரம்பை எட்டிவிடுகிறது. குடலின் உட்குழியிலிருந்து மூளைத்தண்டு வரை நடுவில் ஒரே ஒரு இணைப்புதான். இதை நான் முக்கியமான கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன். ஆனால் கவனமாக இருக்கவேண்டிய இடமும் இதுதான். இந்த வேலையின் பெரும்பகுதி எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த திசுக்களிலும் நடந்தது. எல்லாக் குடல் நாளமில்லா செல்லுக்கும் இப்படி இணைப்பு இல்லை. உயிருள்ள மனிதரின் சாப்பாட்டில் இந்த வேக வழியின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் அளக்கப்படவில்லை.

மூளை இந்தச் செய்தியை வைத்து என்ன செய்கிறது? ‘போதும்’ என்று நிறுத்துவது ஒரு வேலை. இன்னொரு வேலையைப் பலரும் கவனிப்பதில்லை: ‘இது நல்ல சரக்கு, மறுபடியும் தேடு’ என்று கற்றுக்கொள்வது. இதைப் பல வருடம் பொறுமையாக ஆராய்ந்தவர் ஆண்டனி ஸ்கிளஃபானி. எலிக்கு இரண்டு வேறு வேறு வாசனையுள்ள, சத்தில்லாத நீர். ஒன்றைக் குடிக்கும்போது குழாய் வழியாக நேராக வயிற்றுக்குள் சர்க்கரை போகும், மற்றதைக் குடிக்கும்போது வெறும் தண்ணீர். சர்க்கரை நாக்கில் படவே இல்லை. ஆனாலும் சில நாட்களில் எலி முதல் வாசனையையே தேடிப் போகிறது. 2008இல் இவான் டி அரௌஜோ குழு, இனிப்பை உணரவே முடியாத எலிகள்கூடச் சர்க்கரை நீரை விரும்பக் கற்றுக்கொள்வதையும், அப்போது அவற்றின் மூளையில், பரிசு உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனம் ஏறுவதையும் காட்டியது.

2020இல் சார்லஸ் சூக்கர் குழு செய்த சோதனைதான் உங்கள் கேள்விக்கு மிக நேரான பதில். எலிக்கு ஒரு புட்டியில் சர்க்கரை, இன்னொன்றில் அசிசல்பேம் என்ற செயற்கை இனிப்பு. முதலில் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு குடித்தது. இரண்டு நாளுக்குள் சர்க்கரைப் பக்கமே சாய்ந்துவிட்டது. நாக்கில் இனிப்பு ஏற்பி இல்லாத எலிகளும் அதையே செய்தன. மூளைத்தண்டில் வேகஸ் செய்தியை வாங்கும் இடத்தில் குறிப்பிட்ட ஒரு நரம்பு செல் கூட்டம் சர்க்கரைக்கு விழித்தது, செயற்கை இனிப்புக்கு விழிக்கவில்லை. அந்தக் கூட்டத்தை அமைதியாக்கினால் சர்க்கரை மோகம் உருவாகவில்லை. இங்கேயும் வாசலில் நிற்பது அதே எஸ்.ஜி.எல்.டி-1 கடத்திதான். செயற்கை இனிப்பு குடலில் எந்தச் செய்தியையும் எழுப்புவதில்லை என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. 2022இல் போர்கெஸ் குழு, சுக்ரலோஸும் ஒரு செய்தியை எழுப்புகிறது, ஆனால் சர்க்கரை எழுப்பும் செய்தியும் அதுவும் வேறு வேறு ரசாயனங்களில் போகின்றன என்று எலிகளில் காட்டியது. ஆக நாக்குக்கு இரண்டும் இனிப்பு, குடலுக்கு இரண்டும் வேறு.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் பசியைத் தூண்டும் ஒரு நரம்பு செல் கூட்டம் இருக்கிறது. பசித்த எலியில் அது ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். 2015இல் தெரியவந்த ஆச்சரியம், எலி உணவைப் பார்த்த உடனே, வாயில் வைக்கும் முன்பே, அந்தத் துடிப்பு அடங்குகிறது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் மூளை சாப்பாடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறது. 2017இல் இதன் மறுபாதி கிடைத்தது. சாப்பிட்டதில் கலோரி இல்லையென்றால் அந்த அமைதி சில நிமிடம்தான், துடிப்பு திரும்பிவிடும். குடலுக்குள் சத்து இறங்கினால்தான் அது நீடிக்கும். கண்ணும் நாக்கும் கொடுப்பது முன்பணம் மாதிரி, மீதியைத் தீர்ப்பது குடல்.

அந்த 20 நிமிடக் கணக்குக்கு வருகிறேன். அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. இரைப்பை விரியும் செய்தி சாப்பிடத் தொடங்கியதுமே போகிறது. முதல் கவளங்களில் ஒரு பகுதி சில நிமிடங்களில் முன்சிறுகுடலை எட்டிவிடும். இரத்தத்தில் ஹார்மோன்கள் 10, 15 நிமிடத்தில் ஏறத் தொடங்கி, அரை மணி, ஒரு மணி என்று உச்சம் தொடும். கொழுப்பு பின்சிறுகுடல் வரை போய்விட்டால் அங்கிருந்து ‘வேகத்தைக் குறை’ என்று தனியாக ஒரு தடை வரும். அது இன்னும் தாமதம். எனவே அவசரமாகச் சாப்பிட்டால் பின்னால் வரும் செய்திகளுக்கு முன்பே தட்டு காலியாகிவிடும் என்ற அளவில் அந்த அறிவுரை சரி. எண் மட்டும் யாரோ தோராயமாக எடுத்து வைத்தது.

ஒரு செய்தியை மட்டும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. 1973இல் சி.சி.கே. கொடுத்தால் எலி குறைவாகச் சாப்பிடுகிறது என்று தெரிந்ததும், உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. 1984இல் ஒவ்வொரு வேளை சாப்பாடு தொடங்கும்போதும் தானாகவே சி.சி.கே. செலுத்தும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு வேளையும் உண்ட அளவு குறைந்தது உண்மை. ஆனால் எலி வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டது! ஒரு வேளை எப்போது முடியவேண்டும் என்று சொல்லும் செய்தி வேறு, நாள் முழுக்க எவ்வளவு என்று தீர்மானிப்பது வேறு. ஜி.எல்.பி-1 போலவே வேலை செய்யும், எடை குறைப்புக்காக இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளூட்டைடு போன்ற மருந்துகள் ஜெயித்ததற்குக் காரணம், அவை இயற்கை ஜி.எல்.பி-1 போல 2 நிமிடத்தில் மறைவதில்லை, செமாகுளூட்டைடு இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். இரத்தத்தில் இருப்பவை மூளைக்குள் எளிதில் நுழையாமல் காக்கும் இரத்தத் தடுப்பு தளர்ந்திருக்கும் மூளைப் பகுதிகளை அவை எட்டுகின்றன. குமட்டல் வருவதிலும் அந்தப் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. சாப்பிட்டதும் எழும் ஒரு குறுகிய செய்தியை நாள் கணக்கில் ஓயாமல் ஒலிக்க விடுவது மாதிரியானது இது. ‘இயற்கையான ஹார்மோன்தானே’ என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

மனிதர்களில் என்ன தெரியும் என்றால், 2023இல் நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வைச் சொல்வேன். மூக்கு வழியாகக் குழாய் செருகி, நாக்கைத் தொடாமல், நேராக இரைப்பைக்குள் குளுக்கோஸோ கொழுப்போ செலுத்தி மூளையைப் படம் எடுத்தார்கள். ஒல்லியானவர்களின் மூளையில் தெளிவான மாற்றம் தெரிந்தது. உடல் பருமன் உள்ளவர்களில் அந்தப் பதில் வெகுவாக மங்கியிருந்தது. அவர்கள் 12 வாரத்தில் 10 சதவீத எடையைக் குறைத்த பிறகும் அது திரும்பவில்லை. மங்கியதால் எடை கூடியதா, எடை கூடியதால் மங்கியதா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஆனால் எடை குறைத்தவர்களுக்கு அதைத் தக்கவைப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதை ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இதைப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

சந்தேகத்தோடு பார்க்கவேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். உடலின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது என்பது உண்மை. அதனால் குடல்தான் நம் மகிழ்ச்சியைத் தயாரிக்கிறது என்பது அதிலிருந்து வராது. குடல் செரடோனின் இரத்தத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் நுழைவதில்லை, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலசைவு, குமட்டல் போன்றவற்றில் அதன் வேலை நிஜமானது. குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கவைத்து உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்களை உணரவும் குடலில் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கிருந்து ‘இந்த மாத்திரை உங்கள் மனநிலையை மாற்றும்’ என்று தாவுவதற்கு இன்றைய ஆதாரம் போதாது. வேகஸ் நரம்பைத் தூண்டுகிறோம் என்று முகத்தில் குளிர்ந்த நீர் அடிக்கச் சொல்கிறவர்கள், அது இதயத் துடிப்பை மாற்றுவதைக் காட்டலாம். குடலிலிருந்து மேலே போகும் சத்துச் செய்தியை அது மாற்றும் என்பதற்கு நல்ல சான்று எதையும் நான் பார்த்ததில்லை.

ஆக, செயற்கை இனிப்பால் குடலை ஏமாற்ற முடியுமா என்றால், எலிகளில் முடியாது என்பது வலுவாகத் தெரிகிறது, மனிதர்களில் ஹார்மோன் அளவில் அதே திசையில் சான்று இருக்கிறது. அதற்காகச் செயற்கை இனிப்பு குடித்தால் பசி கூடும் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். மனிதர்களில் அந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது, ஆனால் அதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாகத்தான் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் குறிப்பிட்டிருக்கிறது. நீரிழிவு இருந்தால் எந்த இனிப்பு, எவ்வளவு என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்கவேண்டும். நான் பாடம் எடுப்பவன், உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தவன் இல்லை. அப்புறம் ஒன்று: இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்த மாதிரி ஆகிறது, எடையும் காரணமில்லாமல் இறங்குகிறது என்றால், இந்தப் பதிலில் படித்ததை வைத்து ‘ஹார்மோன் ஏதோ’ என்று விட்டுவிடாமல் போய்க் காட்டுங்கள். பல வருட நீரிழிவில் வேகஸ் நரம்பு பழுதாகி இரைப்பை காலியாவது தாமதமாகலாம், புண் முதல் கட்டி வரை வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றைப் பரிசோதித்துத்தான் பிரிக்க முடியும்.